கை நீங்கினால் பரவும் பாசி

குறுந்தொகையின் 399ஆம் பாட்டு பரணர் பாடியது. தலைவனைப் பிரிந்த தலைவி, தன் மேனியிற் படர்ந்த பசலையின் இயல்பைத் தோழிக்கு எடுத்துரைக்கிறாள். ஊரார் நீர் முகக்கும் துறையிலே திரண்டு கிடக்கும் பாசி, கை பட்ட இடத்தில் விலகும். கை விட்ட இடத்தில் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும். தன் பசலையும் அவ்வாறே காதலர் தொடத் தொட நீங்கி, விட விடப் பரவுகிறது என்பது அவள் கூற்று. இப்பாட்டை மாணவர்க்கு நடத்தும்போது உவமையின் நயத்தை நாம் விரித்துரைக்கிறோம். உவமையாக வந்த பாசியைப் பற்றி அத்துணை விரித்துரைப்பதில்லை.

பாசி, பசலை, பச்சை, பசுங்கிளி, பாசிப்பயறு ஆகியவை யாவும் பசுமை என்னும் ஒரே அடியிற் பிறந்த சொற்கள். பசுமை என்பது இலை என்பதோடு புணர்ந்து பாசிலை என ஆவதை ஆதி நீடலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் வழக்கம். அந்தப் பசுமை வயலில் இருந்தால் வளம். வீட்டு நீச்சற்குளத்தில் இருந்தால் கேடு. பரணர் கண்டுரைத்த அந்த இயல்பே நீச்சற்குளப் பாசியைத் தடுக்கவும் நீக்கவும் வழிகாட்டுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூச்சோங்கும் நீரும்

பூச்சோங் வட்டாரம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்திருந்த பகுதி. ஈயம் எடுத்து முடிந்த பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஈயக்குட்டைகள் ஆயின. அவற்றுட் சில இன்று குடியிருப்புகளின் நடுவே ஏரிகளாகக் காட்சி தருகின்றன. தோட்டங்கள் இருந்த நிலத்தில் வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. அடுக்குமாடிதோறும் ஒரு நீச்சற்குளம் இருப்பது இயல்பாகிவிட்டது. தனி வீடுகள் சிலவற்றிலும் சிறு குளங்களும், வெந்நீர்க் குளியல் தொட்டிகளாகிய ஸ்பாக்களும் அமைந்துள்ளன. குளம் கட்ட இடமில்லாத வீட்டிலும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்காகக் காற்றடைத்த பிளாஸ்டிக் குளம் முற்றத்தில் வந்துவிடுகிறது.

ஈயக்குட்டையில் அளவோடு வளரும் பாசியை யாரும் குறை கூறார். அங்கே அது சிற்றுயிர்களுக்கும் மீனுக்கும் உணவு. பகலில் நீருக்கு உயிர்வளியைத் தருவதும் அதுவே. வீட்டுக் குளத்தின் நிலை வேறு. அங்கே மீனும் இல்லை, நீரோட்டமும் இல்லை. மனிதர் உடல் மட்டுமே அந்நீரிற் படுகிறது. ஆகவே அங்கே பாசி தோன்றுவது, நீரைக் காக்கும் மருந்து குறைந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகும்.

பாசியின் வகைகள்

பாசி என்பது வேரும் தண்டும் இலையும் இல்லாத மிக எளிய உயிர்களின் கூட்டம். கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்களாகக் காற்றிலும் மழையிலும் குளிப்போரின் ஆடையிலும் அது வந்து சேரும். வாராமல் தடுக்க எவராலும் இயலாது. வந்தது பெருகாமல் தடுக்கத்தான் இயலும்.

நீச்சற்குளத்தில் பெரும்பாலும் மூன்று வகையைக் காணலாம். முதலாவது பச்சைப் பாசி. இது நீரில் மிதந்து குளம் முழுவதையும் பச்சையாக்கும். சுவரிலும் படியிலும் படிந்து வழுக்கும். விரைவிற் பெருகுவது இது; எளிதில் அழிவதும் இதுவே. இரண்டாவது மஞ்சட் பாசி. நிழல் விழும் சுவரில் மணல் படிந்தாற்போல் ஒட்டியிருக்கும். தேய்த்தவுடன் புகைபோல் கலைந்து, சில நாளில் அதே இடத்தில் மீண்டும் அமரும். பரணரின் உவமை இதற்கு மிகப் பொருந்தும். மூன்றாவது கரும்பாசி. சிமெண்டுப் பூச்சிலும் ஓடுகளின் இடுக்கிலும் கரும்புள்ளிகளாய்த் தோன்றும். அறிவியலார் இதனைப் பாசியென்று கொள்ளாது, நீலப்பச்சை நுண்ணுயிர் என்னும் பாக்டீரியா வகையிற் சேர்ப்பர். தன்மேல் ஒரு கொழகொழப்பான போர்வையைப் போர்த்திக்கொண்டிருப்பதால் மருந்து இதனுள் எளிதில் நுழையாது. இளஞ்சிவப்பு நிறத்தில் வழவழப்பாகப் படிவதும் ஒன்று உண்டு. அதுவும் பாசியன்று, பாக்டீரியாவே.

நம் நாட்டில் ஓய்வில்லை

குளிர்நாட்டார் குளிர்காலத்தில் குளத்தை மூடிவைப்பர். அப்போது பாசியின் வளர்ச்சியும் ஒடுங்கும். நமக்கு அந்த வசதி இல்லை. பூச்சோங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறத்தாழ 12 மணி நேரம். நீரின் வெப்பமும் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். ஒளி, வெப்பம், உணவு ஆகிய மூன்றும் பாசிக்கு வேண்டும். முதலிரண்டும் இங்கே குறைவின்றிக் கிடைக்கின்றன. உதிர்ந்த இலை, தோட்டத்து மண், புல்லுக்கு இட்ட உரம், குளிப்போரின் வியர்வை ஆகியவற்றிலிருந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரிற் கலந்து மூன்றாவதையும் நிறைவு செய்கின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழை இதற்குப் பெருந்துணை. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பர் மாதங்களிலும் மாலைதோறும் இடியுடன் பெய்யும் மழை, குளத்து நீரைப் பெருக்கி மருந்தின் செறிவைக் குறைக்கிறது. சுற்றுப்புறத்துத் தூசியையும் மண்ணையும் உள்ளே சேர்க்கிறது. பெருமழைக்கு மறுநாள் குளம் மங்கலாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

ரியோவில் நிகழ்ந்தது

மருந்து நீங்கினால் நீர் எத்துணை விரைவில் நிறம் மாறும் என்பதை உலகமே ஒரு முறை கண்டது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், ரியோ ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீட்டர் இணைப் பாய்ச்சற் போட்டி நடந்தது. நம் நாட்டின் பண்டலேலா ரினோங்கும் சியோங் ஜூன் ஹூங்கும் வெள்ளிப் பதக்கம் வென்ற போட்டி அது. அன்று அவர்கள் பாய்ந்த குளத்தின் நீர் முதல்நாள் இருந்த நீலம் மாறிப் பச்சையாக இருந்ததைத் தொலைக்காட்சியிற் கண்டோர் மறந்திருக்கமாட்டார். பக்கத்திலிருந்த மற்றொரு குளமும் பச்சையாகியது. அதன் நீரை அகற்றி வேறு நீர் நிரப்ப நேர்ந்தது.

அமைப்பாளர் பின்னர் அறிவித்த காரணம் இது: போட்டிகள் தொடங்குமுன் ஒருவர் குளத்தில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிவிட்டார். அதுவும் நீரைத் தூய்மை செய்யும் மருந்துதான். ஆயினும் குளோரினோடு சேரும்போது அது குளோரினின் ஆற்றலை அழித்துவிடும். காவல் நீங்கவே பாசி முதலிய உயிர்ப்பொருள்கள் பெருக வழி உண்டாயிற்று. ஒலிம்பிக் குளத்திலே நிகழக்கூடிய இப்பிழை வீட்டுக் குளத்திலும் நிகழக்கூடும். கடையில் விற்கும் மருந்துகள் அனைத்தையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுவது நன்மை தராது என்பது இதனால் விளங்கும்.

தடுக்கும் முறை

பாசியைத் தடுப்பதில் முதலிடம் குளோரினுக்கே உரியது. ஒரு லிட்டர் நீரில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை தனிக் குளோரின் எப்போதும் இருத்தல் வேண்டும். ‘எப்போதும்’ என்னும் சொல்லை வற்புறுத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை நிறைய இட்டு வாரம் முழுவதும் மறந்துவிடுவதைவிட, நாள்தோறும் சிறிது இடுவதே பயன் தரும். உப்புநீர்க் குளம் என்று சொல்லப்படுவதிலும் பாசியைக் கொல்வது உப்பன்று. மின்சாரத்தால் அவ்வுப்பிலிருந்து பிறக்கும் குளோரினே.

இரண்டாவது, நீரின் கார அமில நிலை. இதனைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். இது 7.2க்கும் 7.8க்கும் இடையே இருத்தல் நன்று. பி.எச். 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழப் பாதியே ஆற்றல் மிக்க வடிவில் இருக்கும். 8க்கு உயர்ந்தால் அது நான்கில் ஒரு பங்காகக் குறையும். மருந்து போதிய அளவு இட்டும் பாசி போகவில்லை என்போர் முதலிற் பார்க்கவேண்டியது இந்த அளவையே. இரண்டையும் கண்டறியும் சோதனைத் தாள்களும் சோதனைத் துளிகளும் கடைகளிற் கிடைக்கின்றன. வாரத்தில் இரண்டு முறையும், பெருமழை பெய்த மறுநாளும் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, வெயில். நண்பகல் வெயிலில், காப்பில்லாத குளோரினின் பாதி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சிதைந்துவிடும். அதனால் மாலையில் மருந்திடுவதே சிறந்தது. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கச் சயனூரிக் அமிலம் என்னும் பொருளைச் சேர்ப்பர். கடைக்காரர் இதனை ஸ்டெபிலைசர் என்பர். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நன்மை. அளவு மிஞ்சினால் இதுவே குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். மிதவையில் இட்டுக் கரைக்கும் குளோரின் மாத்திரைகளுட் பல இதனையும் தம்முள் கொண்டவை. மாதக்கணக்கில் மாத்திரையை மட்டுமே இட்டுவரும் குளத்தில், குளோரின் அளவு சரியாகத் தோன்றியும் பாசி படர்வதற்கு இதுவே காரணமாதல் உண்டு. அப்போது நீரின் ஒரு பகுதியை அகற்றிப் புதுநீர் சேர்ப்பதே வழி.

நான்காவது, ஓட்டமும் தேய்ப்பும். வடிகட்டிப் பம்பு நாள்தோறும் ஏறத்தாழ 8 மணி நேரமாவது ஓடவேண்டும். மணல் வடிகட்டியின் அழுத்தமானி, தூய்மையாக இருந்தபோது காட்டிய அளவைவிட 8 முதல் 10 பவுண்டு வரை மிகுதியாகக் காட்டினால், நீரை எதிர்த்திசையிற் செலுத்தி மணலைக் கழுவவேண்டும். வாரம் ஒருமுறை சுவரையும் படியையும் தேய்த்தல் கட்டாயம். ஏணியின் பின்புறம், மூலைகள், விளக்கின் விளிம்பு ஆகிய நீரோட்டம் சேராத இடங்களை மறவாது தேய்க்கவேண்டும். பரணர் கூறிய ‘தொடுதல்’ இதுவே என்று கொள்ளலாம்.

வந்தபின் நீக்கும் முறை

குளம் பச்சையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீரை முழுவதும் இறைத்துவிடலாம் என்பது பலர்க்குத் தோன்றும் முதல் எண்ணம். நீர்த்தடையின் துன்பத்தை நன்கறிந்த சிலாங்கூர் மக்களுக்கு அஃது ஏற்ற வழியன்று. மேலும், நிலத்தடி நீர் உயர்ந்துள்ள இடத்தில் வெறுமையான குளம் கீழிருந்து வரும் அழுத்தத்தால் மேலெழும்பவும் பிளக்கவும் கூடும். பெரும்பாலான குளங்களை நீர் மாற்றாமலே மீட்கலாம்.

முதலில் இலை குப்பைகளை வலையால் அள்ளுக. பின்னர் சுவர், தரை, படி அனைத்தையும் நன்கு தேய்க்க. ஓடு பதித்த குளத்துக்கும் கண்ணாடியிழைக் குளத்துக்கும் நைலான் தூரிகையே ஏற்றது. சிமெண்டுப் பூச்சில் அமர்ந்த கரும்பாசிக்கு மட்டும் துருப்பிடியாத எஃகுத் தூரிகை வேண்டும்; போர்வை கிழிந்தாலன்றி மருந்து உள்ளே செல்லாது. அடுத்து பி.எச். அளவை 7.2 அளவுக்குக் கொணர்க. அதன் பின்னரே, மாலையில், குளோரினை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்துக.

இதன் கணக்கு எளிது; வகுப்பறையிலும் பயன்படும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளத்தின் கொள்ளளவு 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் 480 கிராம் குளோரின் வேண்டும். கடையில் விற்கும் கால்சியம் ஹைபோகுளோரைட்டுத் தூளில் 65 விழுக்காடு பயன்தரும் குளோரின் இருப்பதாகக் கொண்டால், 480ஐ 0.65ஆல் வகுக்க ஏறத்தாழ 740 கிராம் தூள் தேவை என்பது பெறப்படும். தூளின் விழுக்காடு பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். கணக்கிடுமுன் அதனைப் பார்த்துக்கொள்க.

மருந்திட்டபின் வடிகட்டி இரவும் பகலும் ஓடவேண்டும். செத்த பாசி சாம்பல் நிறமாகித் தரையிற் படியும். அதனை உறிஞ்சி வெளியேற்றி, வடிகட்டியைக் கழுவி, மறுநாள் மீண்டும் சோதித்துக் குறைந்த அளவு குளோரினை ஈடு செய்க. நீர் தெளிந்து, ஓர் இரவு கழிந்தும் குளோரின் குறையாமல் நிலைத்திருந்தால் பாசி அழிந்தது என்று கொள்ளலாம். நிறம் தெளிந்த அன்றே மருந்தை நிறுத்துவோர் ஒரு வாரத்தில் மீண்டும் பச்சை நீரைக் காண்பர். குளோரின் 4 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும்வரை யாரும் குளத்தில் இறங்கலாகாது.

பழைய மருந்துகள்

நம் முன்னோர் கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்தனர், படிகாரத்தையும் பயன்படுத்தினர். இவை மிதக்கும் துகள்களை ஒன்றுசேர்த்து அடியிற் படியச் செய்பவை. நீச்சற்குளத்திலும் செத்த பாசியைப் படியவைக்கப் படிகாரம் உதவும். ஆனால் இவை குளத்துப் பாசியைக் கொல்லா. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை மறத்தலாகாது.

மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேட்டு உண்மையாகவே பாசியைக் கொல்லும். 1904ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர் நீர்த்தேக்கங்களில் இதனைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். இன்றும் பாசிக்கொல்லிகள் சிலவற்றில் செம்பு உண்டு. ஆயினும் அளவு மிஞ்சினால் குளத்தின் சுவர் கறைபடும். வெளிர்நிறத் தலைமயிரும் பச்சை நிறம் கொள்ளும். செம்பு குளோரினுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

வெந்நீர்த் தொட்டியும் பிள்ளைகளின் குளமும்

ஸ்பா என்னும் வெந்நீர்த் தொட்டி சிறிது. அதன் நீரோ 38 முதல் 40 பாகை வரை சூடானது. நால்வர் அமர்ந்தால் அந்தச் சிறு நீரில் சேரும் வியர்வையும் அழுக்கும் மிகுதி. குளோரின் விரைவிற் செலவாகிவிடும். மூடி இருப்பதால் பாசி இங்கே குறைவு. பாசியிற் கொடிய வேறு ஒன்று குழாய்களின் உட்புறம் வழவழப்பாகப் படியும். அப்படலத்தில் தோலில் தடிப்பை உண்டாக்கும் சூடோமோனாஸ் கிருமியும், நீராவித் துளிகளோடு நுரையீரலுட் சென்று கடுங்காய்ச்சலை உண்டாக்கும் லெஜியோனெல்லாக் கிருமியும் வாழும். 1999ஆம் ஆண்டு நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் நகரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்த ஒரு வெந்நீர்ச் சுழல் தொட்டியிலிருந்து இந்நோய் பரவிப் பலர் இறந்தனர். அவர்கள் அதிற் குளித்தவர்கள் அல்லர். அருகே நடந்து சென்றவர்கள். ஆகவே ஸ்பாவில் குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும், மிகுதியாகப் பயன்படுத்தினால் அதற்கு முன்னரும், நீரை மாற்றிக் குழாய்களையும் கழுவவேண்டும்.

பிள்ளைகளின் காற்றடைத்த குளத்துக்கு வடிகட்டி இல்லை. அதற்கு ஒரே மருந்து, நாள்தோறும் நீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலிற் காயவைத்தலாகும். கொட்டும் நீரைப் பூச்செடிக்கு விடலாம்.

எச்சரிக்கை

பாசி பெரும்பாலும் நேரே நோய் செய்வதில்லை. அதன் கேடு மறைவிலே உள்ளது. பாசி படிந்த படியிற் கால் வழுக்கும். பச்சை நீரில் அடித்தரை தெரியாது. அதில் மூழ்கிய குழந்தையும் தெரியாது. குழந்தை நீரில் மூழ்கும்போது பெரும்பாலும் கூச்சல் எழுவதில்லை; கரையில் இருப்போர்க்குக் கண் ஒன்றே துணை. ஆதலின் குளத்தின் மிக ஆழமான இடத்திலுள்ள வடிகால் மூடி கரையில் நிற்போர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிடின், எவரும் நீரில் இறங்கலாகாது. இந்த ஒரு விதியைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தல் வேண்டும்.

கவனிப்பின்றித் தேங்கிய நீர் கொசுவுக்கும் இடமாகும். தீபாவளிக்கு ஊருக்குச் செல்வோர் பம்பை நிறுத்திவிட்டுச் செல்லலாகாது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு காணப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டார் தண்டத்துக்கு உரியர்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். குளோரின் தூளோடு அமிலம் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். ஒருவகைக் குளோரின் தூளையும் வேறுவகை மாத்திரையையும் ஒரே வாளியில் இட்டால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். நீரில் மருந்தை இடுக. மருந்தின்மேல் நீரை ஊற்றற்க. பிள்ளைகள் கை எட்டாத, ஈரமில்லாத இடத்தில் அவற்றைத் தனித்தனியே வைக்க.

பாசியை ஒருநாளில் ஒழித்துவிட்டோம் என்று மகிழ்வதற்கில்லை. அதன் விதை காற்றில் வந்துகொண்டே இருக்கிறது. வாரம் இருமுறை சோதனை, மாலைதோறும் சிறிது மருந்து, வாரம் ஒருமுறை தேய்ப்பு ஆகிய மூன்றும் தவறாத வீட்டில் நீர் தெளிந்தே இருக்கும். தொட்ட இடத்தில் நீங்கும், விட்ட இடத்தில் பரவும் என்று தலைவி வாயிலாகப் பரணர் கூறியது பசலைக்கு மட்டுமன்றி, பூச்சோங்கில் நம் வீட்டுக் குளத்துக்கும் பொருந்துவதே. அடுத்த முறை அப்பாட்டை நடத்தும் ஆசிரியர், இப்பாசியின் கதையையும் மாணவர்க்குச் சொல்லலாம். வடிகால் மூடி தெரியாத குளத்தில் இறங்கலாகாது என்பதையும் உடன் சொல்லுதல் நன்று.